முதுசொம் விதையும் லயத்துப் பாத்தியும்: ஊவாப் பெருந்தோட்டங்களின் தக்காளிச் செய்கை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு எழுத்து வடிவில் தொகுக்கப்பட்டபோது, முன்னோர் வழியாக ஒருவருக்கு வந்துசேரும் சொத்தைக் குறிக்கும் சொல்லாக ‘முதுசொம்’ என்பது அதில் இடம்பெற்றது. சீதனம், தேடிய தேட்டம் என்பவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இச்சொல் இன்றும் ஈழத்தமிழர் பேச்சு வழக்கில் உள்ளது. ஆயினும் அச்சொல் ஒரு சமூக நிபந்தனையைத் தன்னுள் அடக்கியிருப்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிள்ளைக்கு விட்டுச் செல்வதற்கு ஏதேனும் உடையவருக்கே முதுசொம் உண்டு. காணியும் வீடும் கிணறும் பனங்கூடலும் உடைய சமூகத்தில் பிறந்த சொல் அது.

இச்சொல்லைப் பதுளைக்குக் கொண்டு சென்றால் அது பொருளிழந்து நிற்பதைக் காணலாம். 1820களில் கோப்பிச் செய்கையோடு தொடங்கிய பெருந்தோட்ட உழைப்பின் வரலாறு இரு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்துள்ளனர். இருந்தும் அவர்களிற் பெரும்பாலானோர் வாழும் லயத்துக் காம்பராவுக்கோ அதன் வாசலுக்கோ அவர்கள் பெயரில் உறுதி இல்லை. காம்பரா தோட்டத்துக்குரியது, அதனைச் சூழ்ந்த நிலமும் தோட்டத்துக்குரியது. வேலை இருக்கும் வரையில் குடியிருப்பு என்பதே நெடுங்கால நியதியாக இருந்து வந்தது. இத்தகைய மக்கட் கூட்டத்தினிடையே முதுசொம் என்று சொல்லத்தக்க பொருள் யாது?

அண்மைக் காலத்தில் மேலை நாடுகளில் பழைய தக்காளியினங்களை வீட்டுத் தோட்டங்களிற் பயிரிட்டு ஒப்புநோக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. வழிவழியாக விதை பேணப்பட்டு வந்த இவ்வினங்களைக் குடும்ப முதுசொத்துக்கு வழங்கும் அதே பெயராலேயே அங்கு அழைக்கின்றனர். அப்பெயர் எழுப்பும் வினாக்களை ஊவாவின் லயத்துப் பாத்திக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறு பொருளொன்றை எடுத்துக்கொள்வதாகச் சிலர் கருதக்கூடும். தேயிலையின் வரலாற்றை மூலதனத்தின் வரலாறாக எழுதிய நாம், அம்மூலதனத்துக்கு உழைப்பை வழங்கியவர்களின் உணவு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

2

முதலில் பெயரை நோக்குவோம். தக்காளி தென்னமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட செடியினத்திலிருந்து தோன்றி, மெக்சிக்கோவில் மனிதரின் பயிராயிற்று. 1521இல் அசுத்தேக்கரின் தலைநகரை ஸ்பானியர் கைப்பற்றிய பின்னரே அது கடல் கடந்தது. 1544இல் இத்தாலிய மருத்துவரான மத்தியோலி அதனைப் பற்றி எழுதியதே ஐரோப்பிய நூல்களில் நாம் காணும் முதற்குறிப்பு. ஐரோப்பியரின் கடல் வாணிகத்தின் வழியே அது ஆசியாவை வந்தடைந்தது.

இதில் மனங்கொள்ளத்தக்க ஓர் ஒப்புமை உண்டு. மெக்சிக்கோவின் நாவாத்தல் மொழியில் ‘தொமாத்தல்’ என்பது பொதுவாக மெல்லிய உறைக்குள் காய்க்கும் வேறொரு செடியினத்தின் கனியைச் சுட்டியது. இன்று நாம் தக்காளி என்பதை அவர்கள் வேறோர் அடைமொழி சேர்த்தே குறித்தனர். தமிழிலும் ‘தக்காளி’ என்ற சொல் இப்பழம் வருவதற்கு முன்னரே இருந்தது. அதுவும் உறைக்குள் காய்க்கும் அதே பேரினத்தைச் சேர்ந்த சிறுசெடியையே குறித்தது. புதிய பழம் வந்தபோது அது ‘சீமைத் தக்காளி’ எனப்பட்டது. காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்தது. வந்தேறிய பழம் பெயருக்கு உரிமை பெற, பழைய செடி ‘சிறுதக்காளி’ என ஒதுங்கியது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிச் சமூகங்கள் ஒரே வகைச் செடியின் பெயரை ஒரே வகையில் நீட்டிக்கொண்டமைக்குக் காரணம், உழைக்கும் மக்கள் புதிய பொருளைத் தம் அனுபவத்துள் இருந்த பொருளோடு ஒப்பிட்டே இனங்காண்கின்றனர் என்பதாகும்.

எனவே ‘நாட்டுத் தக்காளி’ என்று நாம் பெருமிதத்தோடு கூறும்போது, ‘நாடு’ என்பது இங்கே பிறப்பிடத்தைக் குறிப்பதன்று என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். மண்ணின் தூய்மை பேசும் வாதத்துக்குத் தக்காளி ஒருபோதும் துணை நிற்காது. எத்தனை தலைமுறைக்கு முன் வந்தாய் என்று கேட்டுக் குடியுரிமையை மறுத்த நாட்டில், வந்தேறிய பயிரொன்று நாட்டுப் பயிராகிவிட்ட வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

3

பயிரின் மரபுவளம் குறுகுவதால் விளையும் கேட்டை ஊவா உலகுக்கு முன்கூட்டியே உணர்த்தியது. கோப்பி இலையைத் தாக்கிய துருநோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியிலேயே இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது. மலைத்தொடர் முழுவதும் ஒரே பயிரை ஒட்டி நட்டிருந்த முறை, நோய்க்குத் தடையற்ற பாதையாக அமைந்தது. 1880களின் நடுப்பகுதிக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884இல் முறிந்தது. மூலதனம் இதிலிருந்து பயிர் வகைமையின் அவசியத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒற்றைப் பயிரின் இடத்தில் இன்னோர் ஒற்றைப் பயிரை வைத்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைக்கருகே தம்பதென்னையை வாங்கினார். புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. தேயிலை மலைகளை மூடியது.

இந்நில அபகரிப்புக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் வயல்களையும் நீர்நிலைகளையும் அழித்து ஒடுக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் அரசுடைமையென அனுமானித்தது. சிங்களக் குடியானவரிடமிருந்து மேட்டுநிலம் பறிக்கப்பட்டதும், தமிழகத்து உழவர் கூலியாகக் கொண்டுவரப்பட்டதும் ஒரே மூலதனத் திரட்சியின் இரு முகங்கள். இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்படி செய்யப்பட்டமை பின்வந்த அரசியலின் சாதனையாகும்.

தோட்டத்துக்கு உள்ளே வந்த தொழிலாளிக்கு அரிசி தோட்டத்தாலேயே வழங்கப்பட்டது. அதன் விலை கணக்கில் வைத்துக் கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டபோது, அரிசியைப் புசல் ஒன்றுக்கு 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படாத விலையில் வழங்க வேண்டுமென்பதும் அவ்வேற்பாட்டின் ஒரு பகுதியாயிற்று. கூலி அரிசியை அளவுகோலாகக் கொண்டு கணிக்கப்பட்டது. கறிக்கு வேண்டியது பெரும்பாலும் தொழிலாளியின் சொந்தப் பாடு. அந்த இடைவெளியிலேதான் லயத்துப் பாத்தி தோன்றுகிறது.

4

லயத்துக்கு முன்னும் பின்னும், கான் ஓரத்திலும், தேயிலை நடப்படாத சரிவிலும் தொழிலாளர் மரக்கறி பயிரிட்டு வந்துள்ளனர். அவரை, போஞ்சி, பூசணி, மிளகாய், கீரை, தக்காளி என்பன அவற்றுள் அடங்கும். இதனைத் தொழிலாளியின் சுதந்திரத்தின் சிறு தீவு என்று போற்றுவதா, தோட்ட நிருவாகத்தின் தந்திரம் என்று தள்ளுவதா? இவ்வினாவை நேரடியாக ஆராய்ந்தவர் எங்கெல்ஸ். வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது நூலின் 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஜெர்மனியின் குடிசைத் தொழிலாளர் வைத்திருந்த சிறு தோட்டத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். குடும்பம் தன் தோட்டத்திலிருந்து பெறும் வருவாயைப் போட்டியின் வழியே கூலியிலிருந்து கழித்துக்கொள்ள முதலாளியால் முடிகிறது என்பதும், அத்தோட்டம் தொழிலாளியை ஓரிடத்தோடு பிணைத்து அவனது எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்கிறது என்பதும் அவர் காட்டிய உண்மைகள். 1899இல் வெளியான விவசாயப் பிரச்சினை பற்றிய தமது நூலில் கவுட்ஸ்கி, சிறு நிலத்துண்டு பெரும்பண்ணைக்குப் போட்டியாக அன்றி, அதற்கு வேண்டிய உழைப்புச் சக்தியை உற்பத்தி செய்யும் களமாகவே நிலைக்கிறது என்று விளக்கினார்.

இக்கருத்து பெருந்தோட்டங்களுக்குப் பெரிதும் பொருந்துவதாகும். யமேக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவுப் பயிரிடுவதற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. அவர்களுக்கு உணவளிக்கும் செலவு அதனால் முதலாளிக்குக் குறைந்தது. 1838இல் முழு விடுதலை கிடைத்தபின், அதே நிலத்துக்கும் குடிசைக்கும் வாடகை விதித்து, முன்னாள் அடிமைகளை மீண்டும் கரும்பு வெட்டுக்கு இழுக்கத் தோட்டக்காரர் முயன்றனர். உடைமையுரிமையற்ற பாத்தி எந்நேரமும் பிடுங்கிக்கொள்ளத்தக்க சலுகை. ஆகவே அது ஒரு கடிவாளமுமாகும். ஊவாவிலும் இதுவே நிலை. பாத்தி துரையின் அனுமதியால் நிற்பது. நிலம் மறுநடுகைக்கு வேண்டுமென்றால் அது போய்விடும்.

எனினும் இத்துடன் நிறுத்திக்கொள்வது யாந்திரிகமான ஆய்வாகிவிடும். அதே யமேக்காவில், அடிமைகள் தம் நிலத்து விளைச்சலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் விற்றனர். விடுதலைக்குப் பின் எழுந்த சுதந்திரக் குடியானவ சமூகத்தின் விதைகள் அந்நிலத்திலேயே விழுந்திருந்தன. முரண்பாடு பாத்தியின் உள்ளேயே இருக்கிறது. கூலியைக் குறைக்க உதவும் அதே பாத்தி, கூலி நின்றபோது உயிர் தாங்கும் பாத்தியாகவும் உள்ளது.

இலங்கையின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது உணவுப் பங்கீடு வந்தது; உணவு உற்பத்தியை அரசாங்கமே வற்புறுத்தியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு உணவு வெட்டப்பட்டபோது தோட்டப் பகுதிகளில் பட்டினி பரவி இறப்பு வீதம் உயர்ந்தது. அதே காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளரும் வெலிமடை உருளைக்கிழங்குச் செய்கையாளரும் நல்ல விலை பெற்றனர். ஒரே கொள்கை நிலமுடையவனுக்கு வாய்ப்பாகவும் நிலமற்றவனுக்குப் பட்டினியாகவும் அமைந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவேயன்றி, அவற்றில் உழைத்தவரை நிலத்துக்கு உரியவராக்கவில்லை. 1977இல் தலவாக்கலைப் பகுதியில் தோட்டக் காணி பகிரப்படுவதை எதிர்த்தபோது சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டமை, தேயிலை நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களை அச்சீர்திருத்தம் எவ்விடத்தில் நிறுத்தியது என்பதைக் காட்டியது.

5

இனி இனங்களின் ஒப்பீட்டுக்கு வருவோம். ஊவாவில் தக்காளியின் தன்மையை நிருணயிப்பவை உயரமும் மழையும் நோயுமே. பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் அமைந்துள்ளன. இரவின் வெப்பம் மிகுந்தால் தக்காளியின் பூ பிஞ்சாகாது உதிரும்; ஆகையால் குளிர்ந்த இரவுகள் மலைநாட்டுக்கு இயற்கை தந்த வாய்ப்பாகும். வடகீழ்ப் பருவ மழை ஐப்பசி முதல் தை வரை ஊவாவை நனைக்கும். ஆனி முதல் ஆவணி வரையான மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசும். அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்தது. பாத்தியிலுள்ள செடிக்கோ அது நீர்த் தட்டுப்பாட்டுக் காலம்.

நோய்கள் இரண்டு முக்கியமானவை. ஒன்று குளிர்ந்த ஈரப் பருவத்தில் இலையையும் காயையும் கருக்கும் பின்வெளிறல். 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமாயிருந்த நோய்க்கிருமியே இதற்கும் காரணம். மற்றையது பற்றீரியா வாடல். பச்சையாய் நின்ற செடி ஓரிரு நாளில் வாடிச் சாயும். கிருமி மண்ணிலும் நீரிலும் தங்கிச் சரிவு வழியே இறங்கும். உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் யாவும் தக்காளியின் குடும்பத்தவையாதலால் இந்நோய் அவற்றையும் தாக்கும். நிலம் போதிய அளவு உள்ளவர் பயிரை மாற்றி நடலாம். இருபதடி நீளமுள்ள பாத்தியை மட்டும் உடையவருக்குப் பயிர்ச் சுழற்சி என்பது ஏட்டுச் சுரைக்காய். ஆகவே நோய் தாங்கும் இனத்தைத் தெரிவது அவருக்கு நாக்கின் சுவை சார்ந்த விடயமன்று.

இலங்கை விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்து வந்த இனங்களுள் மார்குளோப், ரோமா என்பன அமெரிக்காவில் உருவாக்கப்பட்டவை. மார்குளோப் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தால் 1925இல் வெளியிடப்பட்டது. பியூசேரியம் வாடலைத் தாங்குவது அதன் சிறப்பு. ரோமா 1955இல் வெளிவந்தது. நீள்வட்டக் காய், தடித்த சதை, குறைந்த சாறு ஆகிய இயல்புகளை உடையது. கே.டபிள்யு.ஆர். எனும் இனம் பற்றீரியா வாடலைத் தாங்குவதற்கென இலங்கையில் தெரிந்தெடுக்கப்பட்டது. பின்வந்த திலின என்னும் இனத்துக்கும் அதே ஆற்றலுண்டு. இவற்றுக்கப்பால், எவரும் நடாமலே குப்பைமேட்டிலும் கானோரத்திலும் முளைத்துப் படரும் சிறுபழத் தக்காளி இருக்கிறது.

இவற்றை ஒப்பிடுகையில் ‘எது சிறந்தது’ என்னும் வினா ‘யாருக்கு’ என்னும் வினாவாக மாறுகிறது. ரோமாவின் காய்கள் குறுகிய காலத்துள் ஏறக்குறைய ஒருசேர முதிரும். தோல் தடித்திருப்பதால் பெட்டியில் அடுக்கிக் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கோ தம்புள்ளைக்கோ அனுப்பினாலும் நசுங்காது. சந்தைக்குப் பயிரிடுபவருக்கு இது வேண்டிய பண்பு. லயத்துச் சமையலுக்கு வேண்டியதோ ஒரே வாரத்தில் ஐம்பது பழமன்று. ஐந்து மாதத்துக்கு நாளைக்கு இரண்டு பழம். கொடியாக வளர்ந்துகொண்டே பூத்துக் காய்க்கும் சிறுபழ இனம் அத்தேவையை நிறைவு செய்கிறது. மெல்லிய தோலும் மிகுந்த சாறும் புளிப்பும் உடைய பழம் பெட்டிக்கு ஆகாது. இரசத்துக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் ஆகும். பரிமாற்றப் பெறுமானத்துக்கும் பயன்பாட்டுப் பெறுமானத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பழத்தின் தோலிலே காணலாம் என்பது மிகையன்று.

தோலின் தடிப்பு தானாக நேர்ந்ததுமன்று. கலிபோர்னியாவில் மெக்சிக்கத் தொழிலாளரைத் தற்காலிகமாக வரவழைக்கும் பிரசேரோ ஏற்பாடு 1964இல் முடிவுற்றது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா உருவாக்கிய, இயந்திர அறுவடையின் அடியைத் தாங்கும் இறுகிய தக்காளியும் அறுவடை இயந்திரமும் அந்த உழைப்பின் இடத்தைப் பிடித்தன. அதே 1964ஆம் ஆண்டு ஐப்பசியில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, நாடற்றவராக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் உழைப்பாளியை வேண்டும்போது வரவழைத்து, வேண்டாதபோது கணக்கிட்டு அகற்றும் தருக்கம் இரண்டிலும் ஒன்றே.

6

விதை பேணல் இவ்வொப்பீட்டின் மையமாகும். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுறும் பயிர். எனவே அருகருகே பல இனங்களை நட்டாலும் விதை பெரிதும் தாயின் குணத்தைக் காக்கும். சோளத்துக்கோ பூசணிக்கோ இவ்வாய்ப்பு இல்லை. அவற்றின் இனத்தூய்மையைக் காக்கத் தூரமும் நிலமும் வேண்டும். நன்கு முதிர்ந்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் நான்கைந்து ஆண்டு முளைதிறன் இருக்கும். ஒரு நல்ல பழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் உண்டு. ஆக, நிலமற்ற குடும்பம் ஒன்று காகிதப் பொட்டலம் ஒன்றில் ஓரினத்தைத் தலைமுறைக்குக் கடத்திவிட முடியும். உறுதி முடிக்க நொத்தாரிசு வேண்டாம். தோட்டத்துரையின் கையொப்பம் வேண்டாம். உற்பத்திச் சாதனங்கள் யாவற்றிலிருந்தும் பிரிக்கப்பட்ட தொழிலாளியிடம் எஞ்சி நிற்கக்கூடிய ஓர் உற்பத்திச் சாதனம் விதையாகும்.

இப்பணியில் பெண்ணின் உழைப்பே முதன்மையானது. கொழுந்து நிறுத்த பின்னர் விறகும் நீரும் அடுப்பும் பிள்ளையுமாக நீளும் அவளது நாளிலேயே பாத்தியும் விதையும் அடங்குகின்றன. செக்ரோலில் பேர் விழாத உழைப்பு அது. எந்தச் செடி மழை தாங்கியது, எந்தப் பழம் புளித்தது என்ற தெரிவறிவு பயிரியலின் ஒரு பகுதியே. அதைச் செய்தவள் அறிவியலாளர் எனப்படவில்லை என்பது வேறு விடயம்.

நமது இலக்கியம் இவ்வறிவை எவ்வாறு பதிந்தது? பள்ளுப் பிரபந்தங்களில் நெல்வகைகளின் பெயர்கள் நிரல்படக் கூறப்படுவதை யாவரும் அறிவர். முக்கூடற்பள்ளு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஈழத்தில் எழுந்த கதிரைமலைப் பள்ளின் தலமான கதிர்காமமோ இன்றைய ஊவா மாகாணத்திலேயே உள்ளது. அப்பட்டியல்களைச் செழிப்பின் வருணனையாக மட்டும் படிப்பது போதாது. பண்ணைக்காரனுக்குப் பள்ளன் ஒப்புவிக்கும் கணக்கு அது. விதையை அறிந்தவன் பள்ளன். விதைக்கு உரியவன் பண்ணைக்காரன். பெயர்கள் இலக்கியத்தில் ஏறியமைக்கு அவை ஆண்டையின் கணக்கில் ஏறியிருந்தமையே காரணம். லயத்துப் பாத்தியின் விதைகள் எவருக்கும் கணக்கு ஒப்புவிக்கப்படாதவை. தோட்ட ஏடுகள் கொழுந்தின் இறாத்தலைப் பதிந்தன; பாத்தியின் விளைச்சலைப் பதியும் தேவை அவற்றுக்கு இருக்கவில்லை.

குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் தலைவியைக் காண்கிறோம். புனம் அவளது குடிக்குரியது. அவ்வுரிமையே அவளது மிடுக்குக்கு அடிப்படை. மலையக நாட்டார் பாடல்களிலோ மலையும் பெண்ணும் உண்டு, புனம் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ கூலியுழைப்பு ஒரு மக்கட் கூட்டத்தின் பாடுபொருளை எவ்வாறு மாற்றியது என்பதற்குச் சான்றாகும். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பின்னணியில் தோன்றிய தெளிவத்தை ஜோசப் (1934-2022) லயக் காம்பராவின் இடநெருக்கடி குடும்ப உறவுகளை எவ்வாறு அலைக்கழிக்கிறது என்பதை ‘மீன்கள்’ சிறுகதையில் காட்டினார். அந்நெருக்கடியின் மறுபக்கமே வாசலுக்கு அப்பாலுள்ள பாத்தி. காம்பராவினுள் மறுக்கப்பட்ட இடத்தைக் குடும்பம் அங்கே தேடியது.

7

இன்று விதையே உழைப்பாளியிடமிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது. சந்தைக்கான தக்காளிச் செய்கையில் கலப்பின விதைகள் பரவியுள்ளன. முதற் கலப்புத் தலைமுறை சீராகவும் மிகுதியாகவும் காய்க்கும். அதன் விதையை எடுத்து விதைத்தால் குணங்கள் பிரிந்து சிதறும். ஒவ்வொரு போகத்துக்கும் விதை வாங்க வேண்டும். சட்டம் தடுக்காவிடினும், விதையின் அமைப்பே மறு உற்பத்தியைத் தடுத்து நிற்கிறது. மூலதனத்தின் தொடக்கத் திரட்சியின்போது வேலியடைத்த பொதுநிலத்தின் வரலாறு, இங்கே செடியின் உடலுக்குள் மீள நிகழ்வதாகக் கொள்ளலாம்.

ஆயின் இதற்கு விடையாகச் சிலர் முன்வைக்கும் ‘பழையதெல்லாம் நல்லது’ என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. 2021 வைகாசியில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு கார்த்திகைக்குள் தடை விலக்கப்பட்ட நிகழ்ச்சி, மரபு என்ற பெயரில் மேலிருந்து ஏவப்படும் கொள்கையின் விலையை உழவரும் தோட்டத் தொழிலாளருமே கொடுப்பர் என்பதைக் காட்டிற்று. 2022இன் நெருக்கடியில் வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அறிவுரை வந்தபோது, வீடும் தோட்டமும் தமக்கென இல்லாதவர்கள் அவ்வறிவுரைக்குள் எங்கே நிற்கின்றனர் என்று கேட்பாரில்லை.

நாம் வரையும் எல்லைக்கோடு பழையதுக்கும் புதியதுக்கும் இடையிலோ, உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் இடையிலோ அமைவதன்று. அமெரிக்க அரசு நிறுவனமொன்றில் பிறந்த மார்குளோப்பும், நம் திணைக்களம் தந்த திலினவும், குப்பைமேட்டுச் சிறுபழமும் ஒரு வகையில் ஒன்றே. பயிரிட்டவரே விதையெடுத்து மீண்டும் விதைக்கலாம். பொது நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று வாடல் தாங்கும் திறந்த மகரந்த இனத்தை வெளியிடும்போது, அது நவீன அறிவியலின் ஆக்கமாக இருந்துகொண்டே மக்களின் முதுசொமாக மாறும் தகுதி பெறுகிறது. விஞ்ஞானத்தை எதிர்ப்பது நம் வேலையன்று. அதன் பயன் யாருடைய கையில் என்பதே வினா.

மேலை நாட்டு முதுசொத் தக்காளி இயக்கத்திலும் இவ்விரட்டைத் தன்மையைக் காணலாம். 1930களின் பொருளாதார மந்தத்தில் மேற்கு வெர்ஜினியாவின் வாகனத் திருத்துநர் ஒருவர் தாம் தெரிந்தெடுத்த பெரும்பழத் தக்காளியின் நாற்றை ஒரு டொலருக்கு விற்று வீட்டுக் கடனை அடைத்த கதையிலிருந்தே அதன் புகழ்பெற்ற இனமொன்று ‘அடைமானம் தீர்ப்பது’ எனும் பொருளில் பெயர் பெற்றது. கடனாளியின் கைவண்ணம் அது. இன்று அதே பழம் வசதி படைத்தோரின் உயர்விலை உணவாகவும் விற்கப்படுகிறது. உழைப்பின் வரலாறு அகற்றப்பட்ட மரபு, நுகர்வோரின் சுவையாக எஞ்சுகிறது.

8

2014 ஐப்பசி 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் முன்னரே அறியப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தமைக்கு, மாறிச் செல்வதற்கு நிலம் இல்லாமையே அடிப்படைக் காரணம். பின்வந்த ஆண்டுகளில் தோட்ட மக்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீட்டையும் பாதையையும் கழிவிடத்தையும் நீக்கினால் ஆயிரம் சதுர அடி அளவே மிஞ்சும். அது ஒரு குடும்பத்தின் கறிக்குரிய பாத்தியாகும், அதன் வாழ்வாதாரமாகாது. எங்கெல்ஸ் சுட்டிய அதே அளவு அது: கூலியைக் குறைக்கப் போதுமானது, கூலியிலிருந்து விடுபடப் போதாதது.

எனவே பாத்தி பற்றிய கோரிக்கையைக் காணி பற்றிய கோரிக்கையிலிருந்து பிரித்தல் தவறாகும். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் மீளப் பெறப்பட்டது. குடியுரிமை பெற்ற பின்னும் உறுதியற்றவராக வாழ்வது என்ன வகைக் குடியுரிமை என்பதே இன்றுள்ள வினா. தரிசாக விடப்பட்ட தேயிலை நிலங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சட்டவுரிமையுடன் செய்கை நிலம் வழங்கப்படும்போதே, விதை பேணும் பழக்கம் வறுமையின் உத்தி என்னும் நிலையிலிருந்து உற்பத்தியாளரின் ஆற்றல் என்னும் நிலைக்கு உயரும்.

ஆய்வாளர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ்த் தாவர மரபுவள நிலையம் இயங்குகிறது. பண்டாரவளையில் பிராந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹாலி-எல, அப்புத்தளைத் தோட்டங்களின் லயத்துப் பாத்திகளில் எஞ்சியுள்ள தக்காளி, மிளகாய், அவரை விதைகளை, அவற்றைப் பேணியவர் வழங்கும் பெயரோடும் அவர் கூறும் வரலாற்றோடும் சேர்த்துப் பதிவு செய்யும் பணியைத் தமிழ்த்துறைகளும் விவசாய பீடங்களும் இணைந்து மேற்கொள்ளல் வேண்டும். விதை குளிர் அறையில் சேர்ந்து, வரலாறு வெளியே நிற்கும் சேகரிப்பு அரைச் சேகரிப்பேயாகும். நாட்டார் பாடலைத் தொகுத்த தலைமுறை பாடியவரின் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. விதையைத் தொகுக்கும் தலைமுறை, விதை தந்தவரின் பெயரை அவர் இசைவோடு எழுதி வைக்கட்டும். அவ்வினத்தின் மேல் எந்தக் கொம்பனியும் தனியுரிமை கோரும் நாளில் காட்டுவதற்கு அப்பதிவே உறுதியாக நிற்கும்.